கேஸ் கீசரும் தாழிட்ட குளியலறையும்



மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கும் இந்நாட்களில், வெந்நீருக்குக் கேஸ் கீசர் வைக்கலாமா, வைத்தது சரியாகப் பற்றவில்லையே என்ன செய்வது என்று நம் ஆதரவாளர் குடும்பங்களிலிருந்து கேள்விகள் வருவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் வெளிநாட்டிலோ வடமாநிலத்திலோ வேலையாயிருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப, ஊரில் தனித்திருக்கும் வயதான பெற்றோரின் வீட்டில் அது மாட்டப்படுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியம்தான். மின்சாரக் கீசரைவிட விலை குறைவு, கரண்ட் போனாலும் வெந்நீர் வரும், காத்திருக்க வேண்டியதில்லை. ஆகையால் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கே வைப்பது, எப்படி உபயோகிப்பது, கோளாறு வந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை எங்கள் மருத்துவர்களிடமும் பராமரிப்புப் பிரிவு ஊழியரிடமும் கேட்டறிந்து இங்கே எழுதுகிறோம்.

ஆலயப் பணி செய்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எங்கள் வேலை. குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை, கதவை உடைத்துத்தான் தூக்கினோம் என்ற வார்த்தையை அந்தப் பெஞ்சில் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

கேஸ் என்றதும் எல்லாரும் பயப்படுவது கசிவுக்கும் வெடிப்புக்கும்தான். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் சிலிண்டரிலிருந்து வரும் எல்.பி.ஜி. கசிந்தால் நமக்குத் தெரியும்படி, அழுகிய முட்டைக்கோசு போன்ற வாடையுள்ள மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே அதில் சேர்க்கிறார்கள். மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். கீசர் விஷயத்தில் உயிரை வாங்குவது பெரும்பாலும் எரியாத வாயு அல்ல, அரைகுறையாக எரிந்த வாயு. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை, கண் எரிச்சலில்லை, இருமலும் வராது.

இது எப்படி உண்டாகிறது என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரணக் கேஸ் கீசரின் சக்தி சுமார் 10 முதல் 12 கிலோவாட். சமையலறை அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒரே நேரத்தில் முழுத் தீயில் வைத்ததற்கு அது சமம். மணிக்குச் சுமார் 1 கிலோ எரிவாயுவை அது எரிக்கும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோவுக்கும் சற்று அதிகமான காற்று வேண்டும். அப்படியானால் ஒருவர் 15 நிமிடம் ஷவரில் குளித்தால் சுமார் 3 கன மீட்டர் காற்றின் ஆக்சிஜன் முழுவதும் செலவாகிவிடும். நம் வீடுகளில் 5 அடிக்கு 6 அடி குளியலறையில் மொத்தமாக இருக்கிற காற்றே 7 கன மீட்டருக்குள்தான். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருப்போம். புதுக் காற்று வர வழியில்லாமல் ஆக்சிஜன் குறையக் குறைய, தீ தன் வேலையை முழுமையாகச் செய்ய முடியாமல் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் மோனாக்சைடைத் தள்ளத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் குளிப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்.

மலைவாசிகளுக்கு இன்னொரு சங்கடம். கொடைக்கானலும் உதகமண்டலமும் 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். தீக்கும் ஆக்சிஜன் குறைவு, மனிதனுக்கும் குறைவு. கீழே சென்னையில் தப்பித்துக்கொள்கிற ஓர் அறை அங்கே தப்பவிடாது.

உடலுக்குள் நடப்பது

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் கொஞ்சமே இருந்தாலும் ஒவ்வொரு மூச்சிலும் இடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு கால் துவண்டுபோகும். இதில் மிகக் கொடியது என்னவென்றால், ஏதோ சரியில்லை என்று புத்திக்கு எட்டும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் பலமிருக்காது. சிலருக்குக் கை கால் வெட்டி இழுப்பதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையை அவளுடைய பெற்றோர் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு மாதத்தில் மூன்று தடவை மயங்கி விழுந்து கை கால் இழுத்துக்கொண்டதாம். வேறொரு இடத்தில் வலிப்பு நோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கியிருந்தார்கள். பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்தப் பேச்சு வெளியே போனதும் நின்றுவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் இது தீய ஆவியின் வேலை என்று சொல்லி இரண்டு இரவு உபவாச ஜெபமும் வைத்தாயிற்று. எங்கள் மருத்துவர் அந்தத் தாயாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூன்று தடவையும் எங்கேம்மா விழுந்தாள்?" மூன்றும் குளியலறையில். மூன்றும் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது. விடுதியில் ஒருநாளும் வந்ததில்லை. கேஸ் கீசர் அந்த வருடம் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டியது. கீசர் வெளிச்சுவருக்குப் போயிற்று, மருத்துவர் படிப்படியாக மாத்திரையை நிறுத்தினார், அதற்குப் பிறகு இழுப்பு வரவில்லை.

ஜெபத்தை நாங்கள் குறைவாகச் சொல்வோமா? ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பேரில் பிசாசையோ வலிப்பையோ எழுதிவைப்பதற்கு முன் குளியலறைச் சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இது இந்த ஒரு பிள்ளையின் கதை மாத்திரம் அல்ல. கீசரின் விஷப்புகையால் வந்த இழுப்பை வலிப்பு நோயாக எண்ணி மருந்து கொடுத்த சம்பவங்களை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ ஏடுகளில் எழுதியே இருக்கிறார்கள்.

எங்கே மாட்டுவது

இதில் எங்கள் கருத்து உறுதியானது. கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றுள்ள இடத்தில், மழை நனைக்காதபடி ஒரு சிறு கூரையின் கீழ் இருக்கவேண்டும். பின்புறத் தாழ்வாரம், துணி துவைக்கும் இடம், திறந்த பால்கனி போன்றவை தோதானவை. சுடுநீர்க் குழாயை மட்டும் சுவரில் துளையிட்டு உள்ளே கொண்டுபோக வேண்டும். இரண்டு மீட்டர் குழாய்க்கும் கொத்தனார் கூலிக்கும் ஆகிற செலவுதான் அதிகம். மாட்டித்தர வருகிற பையன் "உள்ளேயே வெச்சுடலாம் சார், ஒண்ணும் ஆகாது, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்பான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்பது உண்மைதான். அதனால்தான் இதை எழுத நேரிட்டது.

எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே, போதாதா என்று கேட்கிறார்கள். விசிறி வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். கதவும் அடைத்து, கதவின் கீழ் இடைவெளியில் கால்மிதியையும் செருகிவைத்தால் விசிறி வெறுமனே சுற்றும். புகைக்குழாயுள்ள கீசராக இருந்தாலோ, அந்த விசிறி வெளியே போகவேண்டிய புகையைக் குழாய் வழியே திரும்ப உள்ளே இழுத்துவிடவும் கூடும். மேலே வென்டிலேட்டர் ஒன்று இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது, அறை முழுதும் கலந்து நிற்கும். சில கீசர்கள் 20 நிமிடத்தில் தானே அணையும்படி செய்யப்பட்டுள்ளன. நல்ல ஏற்பாடு, ஆனால் சிறிய அறையில் ஆபத்து அதற்கு முன்பே வந்துவிடும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். குளியலறைக் கதவை அகலத் திறந்துவைத்து, வாளியில் வேண்டிய மட்டும் வெந்நீர் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கீசரையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணைத்துவிட்டு, சில நிமிடம் காற்றோட்டம் விட்டு, அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டு குளியுங்கள். நம் தகப்பன்மார் விறகடுப்பில் தவலை வைத்து வெந்நீர் போட்டு வாளியில் சுமந்து குளித்தது இந்த முறையில்தான். ஷவர் சுகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒருவர் பின் ஒருவராகக் குடும்பமே குளிக்கிற ஞாயிறு காலையில், ஆராதனைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரப்படும்போது, இந்த ஒழுங்கு தவறும். கடைசியாகக் குளிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம், அது பெரும்பாலும் வீட்டுத் தாயார்.

வீட்டுக்காரராக இருக்கிற நம் சபையாருக்கும் ஒரு வார்த்தை. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் உண்டு. வாடகைக்கு விடும் குளியலறையில் கீசரை வெளியே மாட்டித் தருவதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்றே நாங்கள் வாசிக்கிறோம்.

பற்றவில்லை, அணைகிறது, சூடில்லை

கீசர் வேலை செய்கிற விதம் தெரிந்தால் பாதிக் கோளாறுகள் புரிந்துவிடும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே உள்ள ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளுகிறது. அது ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. பேட்டரியின் உதவியால் படபடவென்று பொறி பறந்து, கேஸ் வால்வு திறந்து, பர்னர் பற்றுகிறது. தண்ணீர் நின்றால் எல்லாம் நிற்கும்.

பொறிச் சத்தமே கேட்கவில்லையானால் முதலில் அடியிலுள்ள பெரிய டார்ச் பேட்டரி இரண்டையும் மாற்றிப் பாருங்கள். புதியதும் பழையதும் கலந்து போடவேண்டாம். ஈரத்தில் பச்சைக்களிம்பு பிடித்திருந்தால் துடைத்துவிடுங்கள். அப்படியும் சத்தமில்லையென்றால் குறை தண்ணீரில் இருக்கலாம். மேல்தொட்டிக்கும் ஷவருக்கும் போதிய உயரம், பொதுவாக இரண்டு மூன்று மீட்டராவது இல்லாவிட்டால் தகடு அசையாது. தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதில் மணலும் பாசியும் அடைத்திருக்கும். தண்ணீர் வால்வை மூடிவிட்டு அதைக் கழற்றிக் கழுவலாம், இது நாமே செய்யக்கூடியது.

பொறி பறக்கிறது, தீ வரவில்லையென்றால் சிலிண்டர் தீர்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது ரப்பர் டியூப் மடங்கியிருக்கிறது. மலையூர்களில் இன்னொரு காரணமும் உண்டு. எல்.பி.ஜி.யில் புரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகில் வந்தால் ஆவியாகவே மறுக்கும். கீசர் வேகமாக வாயுவை இழுக்கும்போது சிலிண்டரும் சில்லிட்டுப்போகும். அதனால் விடியற்காலையில், அதுவும் சிலிண்டர் தீரும் தருவாயில், தீ சிறுத்துவிடும். சிலர் இதற்குச் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துகிறார்கள், சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள், ஓரிடத்தில் மெழுகுவர்த்தி காட்டியதையும் கேள்விப்பட்டோம். இவற்றை ஒருக்காலும் செய்யாதீர்கள். படுக்கவைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும். வெயில் ஏறும்வரை பொறுத்திருப்பதே வைத்தியம்.

தீ பற்றிச் சிறிது நேரத்தில் அணைந்தால் அதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். பேட்டரி பலவீனமாக இருக்கலாம், தீயைக் கண்காணிக்கும் கம்பியில் கரி படிந்திருக்கலாம், தண்ணீர் அழுத்தம் விழுந்திருக்கலாம். சில கீசர்களில் ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்து அதுவே அணைந்திருக்கவும் கூடும். "சென்சார் தொல்லை" என்று அதைத் துண்டித்துக் கொடுக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கவேண்டாம், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பற்றும்போது "டுப்" என்று பெரிய சத்தம் வந்தால், பொறி தாமதமாகி வாயு சேர்ந்து பற்றுகிறது என்று பொருள். மெக்கானிக் பார்க்கும்வரை உபயோகிக்கக்கூடாது. உப்புத் தண்ணீர் ஊர்களில் செம்புக்குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து சூடு குறையும். அதையும் அவர்தான் சுத்தம் செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாகப் பார்க்கவேண்டியது தீயின் நிறம். முன்புறச் சிறு ஜன்னலில் தெரிகிற தீ நீலமாக, அசையாமல் நிற்கவேண்டும். மஞ்சளாகி நாக்கு நீட்டி ஆடினால், கீசரின் மேற்புறத்திலோ சுவரிலோ கரி படிந்தால், அன்றைக்கே அணைத்துவிடுங்கள். பர்னரின் காற்றுத் துவாரங்களில் சிலந்தி வலை கட்டியிருக்கும், தூசி அடைத்திருக்கும், செம்புத் தகடுகளின் இடையே கரி நிரம்பியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன், நிறுவனத்தின் சர்வீஸ் ஆளைக்கொண்டு கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. ஆனால் நீலத் தீ என்பதனால் கதவை அடைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். தொடக்கத்தில் நீலமாக எரிந்த தீயே பத்து நிமிடத்தில் ஆக்சிஜன் குறைந்து கெட்டுப்போகிறது.

நகரங்களில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிற வீட்டுக்குக் குடிபோனால், சிலிண்டருக்கென்று வாங்கிய கீசரை அப்படியே அதில் இணைக்கக்கூடாது. ஜெட்டுகள் வேறு.

அறையைச் சூடாக்கும் ஹீட்டர்

சமவெளியில் இதற்குத் தேவையில்லை. ஆனால் மலை வாசஸ்தலங்களுக்கும் வடநாட்டுப் பயணங்களுக்கும் போகிறவர்கள் கவனிக்கவேண்டும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற இடத்தில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலை அடைத்து உறங்கினார்கள். காலையில் ஒருவரும் எழவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். நம் கொடைக்கானல், ஊட்டி விடுதிகளிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி இறந்தவர்களைப் பற்றி நாளிதழ்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். கேஸானாலும் கரியானாலும் வரும் விஷம் ஒன்றே.

ஆகையால் உறங்கும்போது அறைக்குள் தீ வேண்டாம். விழித்திருக்கும்போது மட்டும், எதிரெதிரே இரண்டு திறப்புகளை வைத்து எரித்து, படுக்கப்போகுமுன் அணைத்து, கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். அறை ஹீட்டரில் பீங்கான் தகடுகள் செந்நிறமாகக் கனன்று நிற்பது சரியே, அதைக்கண்டு பயப்படவேண்டாம். தகட்டைவிட்டு மஞ்சள் தீ மேலெழுந்தால்தான் குற்றம்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவைக் கண்டுகொள்ள 1986 வரை கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோனார்களாம். மனிதனுக்கு முன் குருவி தள்ளாடும். இன்று அந்த வேலையைச் செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டியாகக் கிடைக்கிறது. பெற்றோருக்குக் கீசர் வாங்கித்தரும் பிள்ளைகள் இதையும் சேர்த்து வாங்கலாம். அதற்கும் ஆயுள் உண்டு, பெட்டியின் மேல் போட்டிருக்கும் தேதி கடந்தால் மாற்றவேண்டும்.

கசிவு வாடை வந்தால்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். வாடை வந்தால் எந்த மின்சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்தபின் போனில் 1906 என்ற எண்ணை அழையுங்கள். எல்.பி.ஜி. அவசர உதவிக்கென்றே உள்ள எண் அது, இரவு பகல் எடுப்பார்கள். கசிவு எங்கே என்று பார்க்கச் சோப்பு நுரை தடவலாம், தீக்குச்சி கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா டியூபானாலும் ஐந்து வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவை உடைக்கும் நிமிடங்கள் மிச்சமாகும். முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் அவரை இழுத்து வெளியே கொண்டுவாருங்கள், கேஸை அணையுங்கள். காப்பாற்றப் போனவர் உள்ளேயே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அவரும் விழுவார். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் உடனே தொடங்கவேண்டும்.

மருத்துவமனையில் "குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது" என்ற வார்த்தையை நீங்களே முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த விஷத்தையும் ஆக்சிஜனையும் வேறுபடுத்தி அறியாது, 98, 99 என்று நன்றாகவே காட்டும். இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் குறையும். ஆகையால் வெளிக்காற்றுப் பட்டதும் தெளிந்துவிட்டார், காப்பி கொடுத்துப் படுக்கவைத்தோம் என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் இது இன்னும் கட்டாயம். தாய் தெளிந்த பின்னும் வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தில் அந்த வாயு அதிக நேரம் தங்கும்.

முழுதும் தெளிந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதியும் நடைத் தள்ளாட்டமும் குணமாற்றமும் வருவதுண்டு. வயதானவர்களானால் வயோதிகம் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அப்படி ஏதும் கண்டால் டிஸ்சார்ஜ் சீட்டோடு அதே மருத்துவரிடம் திரும்ப அழைத்துப் போங்கள்.